கடைசித் தாள்

"கடைசித் தாளக் காணோம் புள்ள! கொலைகாரன் யாருன்னு சொல்ற எடத்துல எவனோ கிழிச்சிட்டான்!"

சுப்புராஜ் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறிகூட நின்றுவிட்டது. புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய், கிழிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

அடுப்படியில் வெஞ்சனத்தைக் கிளறுகிற பாவனையில் நின்றாள் அவர் மனைவி அழகம்மாள். அந்தத் தாள் அவள் மடியில்தான் செருகியிருந்தது. மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் கிழித்தது.

நயாபைசா புழக்கத்துக்கு வந்த புதிது அது. சின்னாளபட்டியில் துப்பறியும் நாவல் என்றால் சுப்புராஜைத்தான் கேட்பார்கள். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு எது, பேறுகாலத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு எது, ரத்தம் என்றாலே மயங்கி விழும் பெரிய மனுஷருக்கு எது என்று ஆளைப் பார்த்துச் சொல்வார். சூசைமுத்துவின் வாடகை நூலகத்துக்கு வரும் கூட்டத்தில் பாதி, இவர் சொல்லி வந்த கூட்டம்தான்.

அந்த மனிதருக்குத்தான் கண்ணில் புரை. தறியில் இழை அறுந்ததுகூடத் தெரியாமல் நெய்துகொண்டே போனார். தினமும் நிலைப்படியில் இடித்துக்கொண்டு, நிலைப்படியைத் திட்டினார். மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டலாம் என்று அழகம்மாள் வாயைத் திறந்தால் போதும், சீறி விழுவார்.

"கண்ணு கெட்டவனா புள்ள இம்புட்டுப் புஸ்தகம் படிக்கிறான்? கண்ணுல கத்தி வைக்கிற சோலியே வேணாம். போ!"

அழகம்மாள் கண்ணுக்கும் அது உண்மையாகத்தான் பட்டது. பூதக்கண்ணாடியும் கையுமாக அவர் மத்தியானமெல்லாம் படிக்கத்தான் செய்தார். சாயங்காலம் அவள் தறிக்கு நூல் தார் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதையும் சொன்னார். முன்பெல்லாம் வாசித்தே காட்டுவார். இப்போது வாயால் சொல்வதோடு சரி.

"என்னங்க இது, இப்பல்லாம் எந்தக் கதைய எடுத்தாலும் வக்கீலே கொலை பண்றான்?" என்று அவள்கூட ஒருநாள் கேட்டாள்.

"காலம் கெட்டுக் கெடக்கு" என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத அழகம்மாள் யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். புத்தகத்தைக் கிழிப்பதா என்று பதறிய சூசைமுத்துவிடம், திரும்ப ஒட்டித் தருகிறேன் என்று சத்தியம் செய்துதான் சம்மதம் வாங்கியிருந்தாள்.

செத்த நேரத்தில் சூசைமுத்து வந்து சேர்ந்தார். முகத்தில் பால் வடிந்தது.

"அண்ணே, இது ரொம்பப் பழைய புஸ்தகம். இன்னொண்ணு இந்தப் பக்கத்துலயே கெடையாது. மதுரையில எனக்குத் தெரிஞ்ச கம்பவுண்டர் ஒருத்தர்ட்ட இருக்கு. ஆனா கைவிட்டுத் தரமாட்டாரு. நேர்ல போனாத்தான் காட்டுவாரு."

"எந்த எடத்துல வேல பாக்குறாரு?"

சூசைமுத்து அழகம்மாளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"கண்ணாஸ்பத்திரியில."

சுப்புராஜ் சீறவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி. புஸ்தகத்துக்காகத்தான் வாரேன். வேற எதுக்குன்னும் நெனச்சிராத."

"நான் என்னத்த நெனைக்கப் போறேன்?" என்றாள் அழகம்மாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் மறுநாள் மதுரை பஸ்ஸில் ஏறி உட்காரும் வரைக்கும்தான் இருந்தது. பக்கத்தில் அவர் புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கொடைரோடு தாண்டியதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஆபரேஷன் கோளாறாகிவிட்டால்? கொலைகாரன் யாரென்று தெரியாமலே மிச்ச காலமெல்லாம் மனுஷன் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதுவும் தன்னால்!

மடியிலிருந்து தாளை எடுத்தாள்.

"என்னங்க, கோவப்படாதீங்க. கம்பவுண்டரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. தாளக் கிழிச்சது நாந்தான். உங்களக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேற வழி தெரியல. அங்க போய் எறங்குறதுக்குள்ள இதப் படிச்சிருங்க."

அவர் திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். "களவாணிக் கழுத" என்று மட்டும் சொன்னார். தாளை வாங்கி விரித்தார். பூதக்கண்ணாடியை எடுத்து, வரிவரியாக நகர்த்திக்கொண்டே போனார். உதடுகள் முணுமுணுத்தன.

"அட! நான் சொன்னேன்ல? வக்கீல்தான் புள்ள கொலைகாரன்!"

அழகம்மாள் எட்டிப் பார்த்தாள். எழுத்துதான் அவளுக்குத் தெரியாது. தாளில் ஒரு படமும் இருந்தது. யாருக்கோ விலங்கு மாட்டிக்கொண்டிருந்த போலீஸ்காரர், தலை கீழே, பூட்ஸ் மேலே என்று நின்றுகொண்டிருந்தார்.

அவள் அவர் கையிலிருந்த தாளை அப்படியே நேராகத் திருப்பி வைத்தாள்.

சுப்புராஜின் பூதக்கண்ணாடி மெல்ல மடியில் இறங்கியது.

"நீ தாளக் கிழிச்ச சத்தம் நேத்தே கேட்டுச்சு புள்ள" என்றார். "கண்ணுல கத்தி வச்சா ரொம்ப வலிக்குமா?"