மைதானம் கேட்ட வசவு

மைதானத்தின் ஓரத்து மேடையில் சங்கத் தலைவர் பாராட்டுரை வாசித்துக்கொண்டிருக்கிறார். போர்முனையில் அறுவைச் சிகிச்சை செய்து, பிறகு விளையாட்டு மருத்துவத்துக்கென்று ஒரு துறையையே கட்டி எழுப்பிய கர்னலுக்குத்தான் அந்தப் பாராட்டு; அதில் பாதி அவர் காதில் ஏறவில்லை. எதிரே, பயிற்சியில் பந்துக்குப் பாய்ந்த கோல்கீப்பர் இரும்புக் கம்பத்தில் மோதி விழுகிறான். தோள்மூட்டு கழன்ற 'மடக்' மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. கையிலிருந்த விருதுக் கேடயத்தை நாற்காலியில் எறிந்துவிட்டு ஓடுகிறார். அவன் விரல்கள் நீலம் பாரித்துக் கிடக்கின்றன. கர்னல் ஷூவைக் கழற்றிப் புல்லில் உட்கார்ந்து, குதிகாலை அவன் அக்குளில் ஊன்றி, மணிக்கட்டைப் பற்றுகிறார். "திட்டுடா. வாய்க்கு வந்தபடி திட்டு." போர்முனைக் கூடாரத்தில் குண்டடி பட்டவர்களிடம் கற்ற பாடம் அது: திட்டுகிறவன் மூச்சை அடக்க மாட்டான், மூச்சை விட்டால் தசை இளகும். இழுக்கிறார். "அய்யோ படுபாவி! நீ டாக்டரா, கசாப்புக்காரனா? நாசமாப் போயிருவ!" துடித்து உதைத்த ஆணி பூட்ஸ் கர்னலின் உதட்டைக் கிழித்து, ஒரு பல்லையும் உடைக்கிறது. பதக்கங்களின் மேல் ரத்தம் சொட்டுகிறது. "பத்தாது, இன்னும்!" ஏற்புரைக்காக அவர் காலரில் மாட்டிய மைக்கை யாரும் அணைக்கவில்லை. அத்தனை வசவும் ஒலிபெருக்கிகளில் இடியாக இறங்குகிறது. எலும்பு 'டொக்' என்று குழிக்குள் விழுவதும் கடைசி வரிசை வரை கேட்கிறது. விரல்களில் மெல்லச் சிவப்பு ஊறுகிறது. தலைவர் காகிதத்தோடு தடுமாறி வருகிறார். "சார், பாராட்டுரை பாதியில நிக்குதே?" கர்னல் உடைந்த பல்லைப் புல்லில் துப்புகிறார். "மீதியத்தான் இவன் வாசிச்சுட்டானே."