சுவரில் இரண்டு கோடுகள்

மாலை வெயில் சைக்கிள் கடைக்குள் நீளமாகப் படுத்திருக்கிறது. மலைப்பாதை சைக்கிள் வாங்க வந்த பழைய கோச், கால் நீளம் அளக்கத் தொடையிடுக்கில் தடிப்புத்தகத்தைச் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறார். "எனக்கு லார்ஜ் ஃபிரேம்தாம்மா." பன்னிரண்டு வருடத்துக்கு முன், "குள்ள வாத்து, உனக்குக் கால் எட்டாது" என்று பந்தய அணியிலிருந்து தான் விரட்டிய பெண்தான் இந்தக் கடைக்காரி என்பது அவருக்குத் தெரியவில்லை. கடைக்காரி கறுவியபடியே குனிந்து, புத்தகத்தின் மேல்விளிம்பையொட்டிப் பென்சிலால் அழுத்திக் கோடு கிழிக்கிறாள். "ஸ்மால்தான் சார். லார்ஜுன்னா உங்களுக்குக் கால் எட்டாது." கடையே திரும்பிப் பார்க்கிறது. காது சிவக்க அவர் சுவரைப் பார்க்கிறார். அவர் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே, இன்னொரு கோடு. "அது யாரோடது?" அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொள்கிறாள். "குள்ள வாத்தோடது சார்."