காலின் பழைய கணக்கு

"அண்ணே, ஏரோப்ளேன்லயும் காலால மிதிக்கிற சமாச்சாரம் இருக்காமே?"

கார் கப்பலூரைத் தாண்டியதும் டிரைவர் விருமாண்டி கேட்டான்.

பக்கத்தில் இருந்த விமானி சத்தியசீலன் உற்சாகமானார். லீவு முடிந்து, திருமங்கலத்திலிருந்து வாடகைக் காரில் மதுரை விமான நிலையத்துக்குப் போகிறார். நாளை பம்பாயில் பரீட்சை. தேறினால்தான் புது ரக விமானம். தவறினால் பழையதே கதி.

"இருக்கு விருமாண்டி. வால்ல சுக்கான் இருக்கும். அதைத் திருப்ப ரெண்டு பெடல்."

சடக்கென்று கார் நின்றது. பின்சீட்டில் இருந்த மனைவி பாக்கியமேரியின் நெற்றி முன்சீட்டில் மோதியது.

"ஆடு குறுக்க வந்துருச்சு மதினி."

"எங்கய்யா ஆடு? வாலைக்கூடக் காணோம்!"

கார் மறுபடி கிளம்பியது.

"எல்லா ப்ளேன்லயும் ஒரே மிதிதானாண்ணே?"

"அதான் இல்ல. நான் ஓட்டுற பழசுல எம்புட்டு வேகத்துலயும் பெடல் முழுசா உள்ள போகும், வேகம் ஏறுனா சுக்கான்தான் கொஞ்சமாத் திரும்பும். புதுசுல வேகம் ஏற ஏறப் பெடல் நகர்ற தூரமே குறைஞ்சுரும். லேசாத் தொட்டாலே வாலு வெட்டி இழுக்கும்."

"பழைய ஞாபகத்துல ஓங்கி மிதிச்சுட்டா?"

"வாலே பிச்சுக்கிட்டுப் போனாலும் போயிரும்."

பாக்கியமேரி கணவருக்காகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"அப்ப எப்பிடித்தான் மிதிக்கணும்?"

"குதிகாலைத் தரையில ஊணிக்கிரணும். முன்பாதம் மட்டும், முட்டை மேல வைக்கிற மாதிரி."

விருமாண்டி செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினான். அதன்பின் ஆடு ஒன்றும் குறுக்கே வரவில்லை. விமான நிலைய வாசலில் கார் பூப்போல நின்றது.

"அருமையா ஓட்டுறப்பா!" என்று இறங்கினார் சத்தியசீலன்.

"ஒண்ணே ஒண்ணுண்ணே. புது ப்ளேனுல மொத நாளே ஆளுகளை ஏத்த விடுவாங்களா?"

"சேச்சே! பழகாத காலை நம்பி எவன் ஆளேத்துவான்?"

விருமாண்டி தலையைச் சொறிந்தான்.

"எங்க மொதலாளி ஏத்திட்டாரேண்ணே. நேத்து வரைக்கும் எனக்கு லாரிதான். கார் பிரேக்குல இன்னைக்குத்தான் காலே வைக்கிறேன்!"