இயல்பான செல்கள்

பத்து நிமிடம்தான், என்று சந்திரிகா நினைத்துக்கொண்டாள். ஃபார்மலின் ஊற்றிப் பத்தே நிமிடம். டி.என்.ஏ.வில் எந்தப் புரதம் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததோ அங்கேயே ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு எந்த மரபணு திறந்திருந்தது, எது மூடியிருந்தது என்று நிதானமாகப் படிக்கலாம்.

செல் மட்டும் உயிரோடு இருக்காது.

இதை அவள் எத்தனை முறை செய்திருப்பாள். ஒருமுறைகூடக் கை தயங்கியதில்லை.

எதிரே வினிதா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டுரை ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பி வந்திருந்தது. அது வெளிவந்தால்தான் முனைவர் பட்டம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த இயல்பான செல்களில் அதே ஃபார்மலின் சோதனையை இன்னொரு முறை செய்துகாட்டும்படி மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டிருந்தார்.

"இந்த செகண்ட் ரெவ்யூவருக்கு வீட்ல காபி குடுக்கமாட்டாங்க போல மேம். அந்தக் கோவத்தை நம்ம தலையில கொட்டுறாரு."

சந்திரிகா சிரித்தாள். பயிற்சி விமானம் ஒன்று கட்டடத்துக்கு மேலே தாழ்வாகப் போனது. அது கடக்கும்வரை இருவரும் பேசாமல் இருந்தார்கள். தாம்பரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது பழக்கம்.

நோயுள்ள குழந்தைகளின் செல்கள், உறையவைக்கும் திரவ நைட்ரஜன் கேன் நிறைய இருக்கின்றன. இயல்பானது என்று இந்த ஆய்வகம் தொடக்கத்திலிருந்து வைத்திருப்பது ஒன்றுதான். என்-4. 'ஆறு வயதுப் பெண், ஆரோக்கியமானவள், முன்கைத் தோல்' என்று பதிவேட்டில் சந்திரிகாவின் கையெழுத்தில் இருக்கும். அந்தச் செல்களை வைத்துப் பதினெட்டுக் கட்டுரைகள் எழுதியாகிவிட்டது.

தோல் செல் முடிவில்லாமல் பெருகாது. ஐம்பது முறை பிரியும், பிறகு நின்றுவிடும். என்-4-இல் இன்னும் ஒரே ஒரு குழாய்தான் பாக்கி. உறைந்திருக்கிறது, சாகவில்லை.

"அந்த ஒரு ட்யூப் குடுத்தீங்கன்னா முடிச்சிடுவேன் மேம். இல்லன்னா தோல் குடுத்த அந்த டோனரையே திரும்பக் கூப்பிடலாமா? அப்போ ஆறுன்னா இப்போ இருபத்தஞ்சு இருக்கும். கல்யாணமாகி எங்கியாவது செட்டில் ஆகியிருப்பாங்க. எங்க இருந்தாலும் நானே போய்ப் பேசுறேன்."

அந்தத் தோலை எடுத்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதிய ஆய்வகம், ஒப்பிட்டுப் பார்க்க யாருடைய செல்லும் கையில் இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டிலிருந்து ஸ்ம்ருதியை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்துக் கூட்டி வந்தாள். டாக்டர் தோழி ஒருத்தி மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோலை எடுத்தாள். ஸ்ம்ருதி அழவில்லை. இதை என்ன செய்வாய் அம்மா என்று மட்டும் கேட்டாள். வளர்ப்பேன், என்றாள் சந்திரிகா.

பத்தொன்பது வருடங்கள் மகளின் செல்களைப் படித்திருக்கிறாள். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, ஒவ்வொன்றாக.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பகலில் ஸ்ம்ருதியின் அறைக் கதவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் உடைத்துத் திறந்தார்கள். முந்தைய வாரம் அவளுடைய தோழி ஒருத்தி போன் செய்து, அவள் முன்போல் பேசுவதில்லை ஆன்ட்டி என்று சொல்லியிருந்தாள். நல்லாத்தானே இருக்கா, என்று சந்திரிகா சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குக் கிளம்பியிருந்தாள்.

வினிதாவும் அன்று துக்கத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தின் மூலையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். என்-4 யாரென்று மட்டும் அவளுக்குத் தெரியாது. ஆய்வகத்தில் யாருக்குமே தெரியாது.

வேறு யாரிடமாவது தோல் எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தால் ஒன்றரை வருடமாகும். வினிதாவின் பதிவுக்காலம் டிசம்பரில் முடிகிறது. ஏழு வருட உழைப்பு. அதுவும் சந்திரிகாவுக்குத் தெரியும்.

"டோனரைக் கூப்பிட முடியாதும்மா," என்றாள்.

"பரவால்ல மேம். அப்போ அந்த ட்யூபே போதும். இன்னைக்கே எடுத்துடட்டுமா?"

"இல்ல வினிதா. அதுவும் முடியாது."