பூதக்கண்ணாடி வாங்கிய பவளம்

பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டதும், 'பூதக்கண்ணாடி' என்று ஆபீஸே கூப்பிடும் அந்த மனிதர் செல்போனை எடுத்து அந்தப் படத்தை இன்னொரு தடவை ஆசை தீரப் பார்த்தார். என்ன நிறம், என்ன ஜொலிப்பு! மனைவிக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபட்டுவிடும்.

பிறகு, ஆபீஸ் வாட்ச்மேன் சற்றுமுன் கொண்டுவந்து கொடுத்த பார்சலை மேசை மேல் வைத்துக் கத்தரியால் வெட்டினார். ஆர்டர் போட்டது வாட்ச்மேன் பெயரில், வாட்ச்மேன் வீட்டு விலாசத்துக்கு. "சார், என் பேருல தங்கம் கிங்கம் கடத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த ஆள் போயிருந்தார்.

தங்கம் இல்லை, பவளம். அதுவும் நகைக்கடைப் பவளம் இல்லை. உப்புத்தண்ணீர் மீன்தொட்டியில் வளர்க்கிற உயிருள்ள பவளம். தெர்மோகோல் பெட்டிக்குள் தண்ணீர் கட்டிய பிளாஸ்டிக் பையில் மிதந்து வந்திருந்தது.

பையைத் தூக்கிப் பார்த்தவரின் முகம் தொங்கிப்போனது. படத்தில் மரகதப் பச்சையாய் மின்னியது, கையில் டீத்தூள் சக்கை நிறத்தில் இருந்தது.

ஊரையே சந்தேகப்படுகிறவர் அவர். கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் படங்களைப் பார்த்து, எது மோதி விழுந்த அடி, எது சொந்தக்காரரே சுத்தியலால் கொடுத்த அடி என்று சொல்லும் உத்தியோகம். 'பூதக்கண்ணாடி' என்ற பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். அப்பேர்ப்பட்டவருக்கே ஒருத்தன் படம் காட்டிவிட்டானே!

இத்தனைக்கும் வாங்கும் முன்பு விற்றவனைக் கேள்வி கேட்டே துளைத்திருந்தார். பக்கத்தில் நாணயம் வைத்து எடு என்றார், அப்படியே வந்தது. மேலிருந்து எடு என்றார், அதுவும் வந்தது. அளவு சரிதான், நிறத்தில்தான் கைவரிசையைக் காட்டியிருக்கிறான்.

பார்சலைத் திருப்பிப் பார்த்தார். அனுப்பியவர் பெயர் இல்லை, கூரியர் ஆபீஸ் முத்திரை மட்டும். திருட்டுப்பயல் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வாங்கிய இணையத் தளத்திலேயே அவனுக்குச் செய்தி தட்டினார்.

"தம்பி, படத்துல இருந்தது எங்கே, நீ அனுப்பினது எங்கே?"

"அதேதான் சார் இது. வெள்ளை லைட்டுல மங்கலாத்தான் தெரியும். நீல லைட்டு போட்டுப் பாருங்க."

"நீல லைட்டு போட்டா எங்க ஆபீஸ் நாற்காலி கூட மின்னும். யாருக்குக் காது குத்துறே?"

"சந்தேகமா இருந்தா திருப்பி அனுப்பிடுங்க சார். பணத்தைக் குடுத்துடறேன்."

திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. உயிருள்ள ஜீவன், இன்னொரு பயணம் தாங்காது. நீல வெளிச்சத்தையோ அவர் நம்புவதாக இல்லை. வீட்டுத் தொட்டி விளக்கிலும் அதற்கொரு பொத்தான் உண்டு. ஏமாற்றுக்காரர்களின் வெளிச்சம் என்று, வாங்கிய அன்றே அதன்மேல் டேப் ஒட்டிவிட்டவர் அவர்.

ஆனால் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? போன தடவையும் இப்படி ஒன்று பழுப்பாய் வந்து சேர்ந்தபோது மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இனிமே ஒரு பவளம் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, தொட்டி வெளிய போயிடும்!" அவள் சொன்னால் சொன்னதுதான். பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து வளர்த்த தொட்டி. அது இல்லாத கூடத்தை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் டிபன் பாக்ஸுக்குள் பையை ஒளித்துக்கொண்டு வீடு சேர்ந்தார். மனைவி சமையலறையில் இருந்தாள். விளக்கில் ஒட்டிய டேப் ஒரு முனையில் உரிந்து நின்றது. உப்புத்தண்ணீர் ஈரத்துக்கு எதுதான் ஒட்டும் என்று அதை அழுத்திவிட்டு, சட்டைக் கையை மடித்தார்.

முறைப்படி பையைக் கொஞ்ச நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பவளத்தைத் தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குப் பழக்க வேண்டும். திருடனுக்கு ஏது முறை? பின்மூலையில் அதே சக்கை நிறத்தில் பழைய பவளம் ஒன்று கிடந்தது. 'காசு குடுத்து இதை எந்த மடையன் வாங்குவான்' என்று அவரே திட்டி ஒதுக்கியது. கும்பலோடு கும்பலாக இருக்கட்டும் என்று அதன் பக்கத்தில் புதியதைச் செருகினார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"தொட்டிக்குள்ள கைய விட்டு என்ன பண்றீங்க?"

பின்னால் மனைவி நின்றாள்.

"ஒண்ணுமில்ல... பாசி துடைச்சேன்," என்றார். தொட்டி போச்சு, இன்றோடு போச்சு என்று நினைத்தபடி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

அவள் நம்பவில்லை. கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து உள்ளே தேடினாள். "இந்த வெளிச்சத்துல ஒரு மண்ணும் தெரியாது," என்று முணுமுணுத்தபடியே, டேப்பைச் சர்ரென்று உரித்து நீலப் பொத்தானை அமுக்கினாள்.

தொட்டி முழுக்கப் பச்சையும் ஆரஞ்சுமாய்ப் பற்றிக்கொண்டது. பின்மூலையில் அவர் செருகிய துண்டு மரகதமாய் மின்னியது. அச்சு அசலாக அதே படம், இம்மி குறைவில்லை. பூதக்கண்ணாடி வாயைப் பிளந்து நின்றார்.

அவளும் அந்த மூலையைத்தான் வெறித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை; பேயைக் கண்ட திகில்தான் இருந்தது.

"ஏங்க... நான் ஒடச்சு வித்த துண்டு எப்படிங்க திரும்பி வந்துச்சு?"