அடித்தல் திருத்தல்

பேனாவை அந்த வரியின் மேல் வைத்தாள். கை கோடு இழுக்க மறுத்தது.

'என் அப்பா அழுததே இல்லை.'

நேற்று வகுப்பில் கட்டுரையை வாசித்தபோது கைதட்டல் விழுந்தது இந்த வரிக்குத்தான்.

பள்ளியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதும் பிள்ளை. டீச்சர் அவள் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டுவார். அப்பா அந்தப் பெருமையை டீக்கடை வரை கொண்டுபோய்விட்டார்.

அதைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பரீட்சையில் தப்பென்று தெரிந்த விடையைக்கூட அடிக்காமல் விட்டுவைத்தாள். மதிப்பெண் போனது. தாள் மட்டும் அழகாக இருந்தது.

எவ்வளவு பெரிய முட்டாள்!

இந்தக் கட்டுரையும் ஒரே மூச்சில் எழுதியதுதான். திரும்பப் படிக்கக்கூட இல்லை. நேற்று எல்லோரும் கைதட்டியபோது அவளுக்கு மட்டும் கூசியது.

அழுததே இல்லையா?

இழுத்தாள். ஒரே கோடு.

அதன் பிறகு கை நிற்கவில்லை. முதல் பத்தி போனது. 'தியாகச் சுடர்' போனது. ஓரங்களில் புது வரிகள் ஏறின. அவற்றிலும் பாதி அடிபட்டன.

அடியில் ஒரு வரி நின்றது.

'என்னை விடுதியில் விட்டுவிட்டு வெளியே போன அப்பா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்ட பிறகுதான் அழுதார்.'

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தது. தோள் குலுங்கியது. வண்டி வெகுநேரம் கிளம்பவில்லை. பார்த்ததை அவரிடம் அவள் சொன்னதே இல்லை.

கல்லூரி ஆண்டு மலருக்குக் கொடுக்க இன்று கடைசி நாள். அச்சில் வந்தால் டீக்கடை முழுக்கப் படிக்கும். அவர் வேண்டாமென்றால் கொடுக்கப் போவதில்லை.

வேறு தாளில் அழகாக எழுதி அவருக்கு அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

வேண்டாம்.

இதுவரை அவள் எழுதியதிலேயே அலங்கோலமான தாள் அதுதான். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அப்படியே படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள்.

நீல டிக் விழுந்தது.

நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு போன் வந்தது.

"என்ன தாயி, இம்புட்டு அடிச்சு வச்சிருக்க?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கடைசி வரிய மட்டும் அடிச்சிராத."