ஆறாவது சுவிட்ச்

இரண்டு மணி. ஐந்து சுவிட்சுகளைப் போட்டுவிட்டான்.

ஆறாவதின் மேல் விரல் நின்றது.

அந்த விளக்குக்குக் கீழே சென் தூங்கிக்கொண்டிருந்தார்.

இருக்கட்டும், பாவம் என்று விரலை எடுத்துக்கொண்டான்.

விளக்குப் போடுவதுதான் அவன் வேலையா என்று கேட்டால், ஏறக்குறைய அதுதான். சேலம் அழகாபுரத்தில் அவன் அம்மா சொல்லிவைத்திருப்பது வேறு. பையன் சீனாவில், ஷென்ஜென்னில் இன்ஜினியர். கைக்குக் கீழே முப்பது பேர். முப்பது பேர் உண்மைதான். மதியம் பன்னிரண்டரைக்கு அந்த முப்பது பேரும் மேசைக்கடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, கண்ணில் பட்டை கட்டிக்கொண்டு படுத்துவிடுவார்கள். அந்த ஊர் ஆபீஸ் வழக்கம் அது. விளக்கை அணைப்பதும் இரண்டு மணிக்குப் போடுவதும் பயிற்சிக்கு வந்தவன் பொறுப்பு.

ஐந்து மாதத்தில் வேறு எந்தப் பொறுப்பையும் அவனை நம்பி யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஞாயிறு வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. கடல் பாலம், கண்ணாடிக் கோபுரம், மேசை நடுவே கொதிக்கிற சட்டியில் கறி. தலை முதல் கால் வரை ஸ்டேட்டஸ். அழகாபுரத்தில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்காத வீடில்லை. சட்டை புதுசா, தொப்பை விழுந்திருக்கிறதா, பக்கத்தில் எவளாவது நிற்கிறாளா. எல்லாம் பார்த்தார்கள்.

படம் எடுத்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

சென்தான். நாற்பத்திரண்டு வயது. பெண்டாட்டி பிள்ளை வேறு ஊரில். கோபுரம் முழுசாகப் படத்தில் விழ வேண்டும் என்பதற்காகத் தரையில் மண்டியிட்டு எடுப்பார்.

போன ஞாயிறு அப்படி மண்டியிட்டவர் எழுந்திருக்க வெகுநேரம் பிடித்தது. இவன் எந்தப் படத்தைப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஊரிலும் மூத்தவர்களைப் பேருக்குப் பின்னால் அண்ணன் போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். இவன் தமிழிலேயே 'சென் அண்ணே' என்பான். அவரும் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டிருந்தார்.

இன்று படுக்கும் முன் சென் போனை நீட்டினார். மொழிபெயர்க்கும் செயலி, செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது: “தயவுசெய்து என்னை ஒன்று முப்பதுக்கு எழுப்பவும். நான் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.”

இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

“தம்பி” என்றார் தன் வாயால்.

அலாரம் வைக்கக் கூடாதா என்றால், கூடாது. அந்த இருட்டில் ஒரு போன் கத்தினால் இருபத்தொன்பது பேர் முறைப்பார்கள்.

மறந்துவிட்டான் என்று பழி சொல்ல முடியாது. ஒன்றரைக்கு எழுந்து, பூனை மாதிரி போனான். சென் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முந்தின இரவு ஒரு மணிக்குத்தான் ஆபீஸை விட்டுப் போனவர். ஏசி குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது.

கையை நீட்டினான்.

அவன் வளர்ந்த வீட்டில் அப்பா தூங்கினால் மிக்சி ஓடாது. அசந்து தூங்குகிற மனிதனை எழுப்புவது பாவம்.

டாக்டர் எங்கே ஓடிவிடப் போகிறார்?

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு வந்தான்.

இரண்டு மணிக்குக் குறட்டை இல்லை. இப்போதுதான் நல்ல தூக்கம் என்று நினைத்தான்.

கட்டில்கள் மடங்கின. நாற்காலிகள் உருண்டன. அந்த ஒரு மூலை மட்டும் இருட்டாகவே இருந்தது.

இரண்டே காலுக்கு மேனேஜரம்மா வந்து ஆறாவது சுவிட்சைப் போட்டாள்.

“சென்” என்று இரண்டு முறை கூப்பிட்டாள்.

மூன்றாவது முறை கூப்பிடவில்லை.

ஸ்ட்ரெச்சர் திரும்ப இடமில்லாமல் மடக்குக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரி எதிர்ச் சாரியில்தான். நடந்தால் நான்கு நிமிஷம்.

விசாரணை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் வந்து போனை நீட்டினாள். அதே செய்தி வாசிக்கிற குரல்.

“நீங்கள் விளக்குகளை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?”

“இரண்டு மணிக்கு.”

ஆறில் ஐந்து உண்மை.

ஒன்றரை மணியைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல அவனுக்கென்ன பைத்தியமா?

மறுநாள் பன்னிரண்டரைக்கு ஐந்து சுவிட்சுகளை அணைத்தான். ஆறாவதை விட்டுவைத்தான்.

யாரோ கட்டிலிலிருந்து எழுந்துவந்து அதையும் அணைத்தார்கள். தூங்க வேண்டாமா?

ஞாயிறு வந்தது. ஸ்டேட்டஸ் இல்லையென்றால் அம்மா பதறுவாள். கோபுரத்துக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டி எடுத்தான். முகம் பாதி, தோள் பாதி. கோபுரத்துக்குத் தலையே இல்லை.

ஐந்து நிமிஷத்தில் அம்மாவின் குரல் வந்தது.

“என்ன கண்ணு இது, மூஞ்சி மட்டும் இம்மாம் பெருசா? கோபுரத்தையே காணோம். எதுத்த வீட்டு ரேணுகா பாத்துட்டுச் சிரிக்கறா. இத்தன நாளா யாரோ நல்லா எடுத்துக் குடுத்தாங்களே, அவங்களையே எடுக்கச் சொல்றது?”

தலையில்லாத கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு தட்டினான். “தூங்கறாரும்மா.”

“அட பாவமே” என்றாள் அம்மா. “அசந்து தூங்கற மனுசன எழுப்பாத, கண்ணு.”